ஆடி மாசத்துல யாராச்சும் வீடு காலி பண்ணுவாங்களா?

வாங்க கண்ணு, பாத்து ஏறுங்க. மூணாவது படி கொஞ்சம் ஆடும், காலைச் செவுத்தோரமா வெச்சீங்கன்னா ஒண்ணும் ஆகாது. கைப்பிடியப் புடிக்க வேண்டாம். அது உறுதியாத்தான் இருக்குது, புடிச்சாத்தான் ஆடும். நீங்க முன்னாடி போங்க, எனக்கு முழங்கால் வலி, நான் மெதுவா வர்றேன். இந்தப் படியேறி வருசக்கணக்காச்சுங்க. இதுக்கு முன்னாடி வீடு பாக்க வந்தவங்க கையில எல்லாம் சாவியக் குடுத்து, போய்ப் பாத்துட்டு வாங்கன்னு சொல்லிப்போடுவேன். பாத்துட்டு வந்து, ஃபோன் பண்றோம்னு சொல்லிட்டுப் போனவங்கதான். கூட நின்னு எடுத்துச் சொல்ல ஆளில்லாததுனால வந்த வினைன்னு எங்கூட்டுக்காரருகிட்டச் சொன்னேன். அதனாலதான் உங்களோட நானே ஏறி வர்றேன்.

கதவு தொறக்கலீங்களா? சாவி சரிதான். மழைக்காலத்துல கொஞ்சம் உப்பிக்கும். தோளை வெச்சு ஒரு தள்ளு தள்ளுங்க. இன்னொருக்கா. ஆங், அவ்வளவுதான். எத்தன பலமான கதவு பாத்தீங்களா, இந்தக் காலத்துல இப்பிடிப் போடறாங்களா? உள்ள வாங்க, செருப்பு கெடக்கட்டும், பரவால்ல.

இதுதான் ஹாலு. அக்கட்டால படுக்கற ரூம், இக்கட்டால சமையக்கட்டு. காத்து நல்லா வரும். அந்த ஜன்னல் மூடாது, அதனால எப்பவுமே காத்துதான். உங்க வீட்டுக்காரரு பொழுதோட வந்து பாப்பாருன்னு ஃபோன்ல சொன்னீங்களே, வரட்டும். ஆனா நான் சுத்தி வளைக்காமச் சொல்லிப்போடறேன் கண்ணு. எங்கூட்டுக்காரரு மில்லுல இருந்து நின்னு ரொம்பக் காலமாச்சு. மேல்வீட்டு வாடகைலதான் எங்க ரெண்டு பேருக்கும் சோறும் மாத்திரையும். ஆடில காலியான வீடு, இப்ப ஐப்பசி பொறந்துருச்சு. ஆவணில நாலஞ்சு பேரு வந்தாங்க, ஒருத்தரும் திரும்பி வரல. புரட்டாசில யாரும் வீடு மாற மாட்டாங்க. நீங்க இன்னைக்குச் சரின்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா தீவாளிக்கு முன்னாடியே பால் காய்ச்சிப்போடலாம், எனக்கும் நிம்மதியாத் தூக்கம் வரும்.

முன்னாடி இருந்தவங்க ஏன் போனாங்கன்னா கேக்கறீங்க? எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. சொல்றேன், மறைக்கறதுக்கு என்ன இருக்குது? என்ற பக்கம் ஒரு தப்பும் இல்ல. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

அந்தப் புள்ள பேரு ஜெசிந்தா. தூத்துக்குடிப் பக்கம். ஸ்கூல்ல டீச்சர். அவ வீட்டுக்காரரு சகாயராஜுன்னு, மிசின் கம்பெனில வேலை, அதிர்ந்து பேசாத ஆளு. மூணு வருசம் இருந்தாங்க. வாடகை ஒருநாள் தள்ளுனதில்ல. ஞாயித்துக்கெழமையானா அந்த ஊரு மீன் கொழம்பு ஒரு போசி நெறைய கீழ வந்துரும். எங்கூட்டுக்காரரு இன்னும் ஞாயித்துக்கெழமையானா மாடிப்படியவே பாத்துட்டு உக்காந்திருக்கறாரு. கேட்டா, காத்து வாங்கறேங்கறாரு.

அத்தன நல்ல புள்ளைங்க. ஒரே ஒரு கெட்ட பழக்கம், வீட்டக் குறை சொல்றது. ஒரு மழை பேஞ்சாப் போதும், கொண்டைய முடிஞ்சுட்டு எங்க வாசப்படில வந்து நிப்பா. அம்மா ஹால்ல ஒழுகுது, அம்மா ரூம்ல ஒழுகுது, அம்மா ஸ்விட்சத் தொட்டா சுர்ருங்குது. மழை நின்னா அதுவும் நின்னுரும் கண்ணுன்னு சொல்லுவேன். நான் சொன்ன மாதிரியே நிக்குமுங்க. ஒரு தடவைகூட நிக்காம இருந்ததில்ல.

கொத்தனாரக் கூப்பிட்டு மொட்டை மாடிக்குத் தட்டோடு பதிக்கச் சொல்லுங்கம்மாம்பா. வெயில் காலத்துல கூப்பிட்டா எங்க ஒழுகுதுன்னு தெரியாது, மழைக்காலத்துல கூப்பிட்டா மேல ஏறி வேலை செய்ய முடியாது. இதை எத்தன தடவ அவளுக்கு வெளக்கிச் சொல்லியிருப்பேன். படிச்ச புள்ளதான், ஆனா இது மட்டும் மண்டைல ஏறல. அப்புறம் ஃபோன்ல படம் படமா அனுப்ப ஆரம்பிச்சா. நான் ஒண்ணையும் தொறக்கறதில்லீங்க, தொறந்தா ஃபோன் ரொம்பிக்கும்னு எங்கூட்டுக்காரரு சொல்லியிருக்கறாரு. ஆனா மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா, ஒவ்வொரு படத்துக்கும் கீழ ஒரு கும்புடு போட்டு உட்ருவேன்.

அந்தப் புள்ள ஒருக்கா சொல்றா, கூரை ஒழுகறதையும் செவுரு வெடிக்கறதையும் வீட்டுக்காரங்கதான் பாக்கோணும்னு சட்டமாம். நான் சிரிச்சுப்போட்டேன். வீட்டுக்குப் பின்னாடி பொடக்காளில நிக்கற முருங்கை மரத்துக்குச் சட்டம் இருக்குதா, அதுல நீ காய் பறிக்கறப்ப நான் ஏதாச்சும் சொன்னேனான்னு கேட்டேன். அவளும் சிரிச்சுட்டா. அவளோட பெரிய கொணமே அதுதான், சண்டை போடவே வராது. குளியலறைக் கதவு அடில இத்துப் போச்சுன்னு சொன்னா, நான் பாக்கலாம்னேன், அவங்களே தகரம் வாங்கி அடிச்சுட்டாங்க. அந்தா பாருங்க, இன்னும் இருக்குது. போறப்பக்கூடப் பிச்செடுத்துட்டுப் போகல.

போன வைகாசில ஒருநாள் பட்சணத்தட்டோட வந்து உக்காந்தா. வாசப்படியத் தாண்டி உள்ள வந்து உக்காந்ததே அன்னைக்குத்தான். வேற வீடு பாத்திருக்கோம்மா, ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லணும்னு அக்ரிமெண்ட்ல இருக்கு, அதான் சொல்ல வந்தேன்னா.  நான் விரல் உட்டு எண்ணிப் பாத்தேன். வைகாசி, ஆனி, ரெண்டு மாசம் கழிஞ்சா ஆடி. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு வந்துருச்சு. சரி கண்ணு, தாராளமாப் போயிட்டு வாங்கன்னு சொல்லிப்போட்டேன்.

உங்களுக்கே தெரியும், ஆடில யாராச்சும் வீடு காலி பண்ணுவாங்களா? புது வீட்ல பால் காய்ச்சுவாங்களா? ஆவணிக்குத் தள்ளுவாங்க. ஆவணில முகூர்த்தம் பாத்துட்டே இருப்பாங்க, புரட்டாசி வந்துரும். ஐப்பசில தீவாளி, அப்புறம் அடைமழை, அப்புறம் மார்கழி. தை வரைக்கும் இந்தப் புள்ள அசைய முடியாது, அதுக்குள்ள மனசு மாறிருவான்னு கணக்குப் போட்டுட்டேன். அதனால புது ஆளும் தேடல, அட்வான்ஸத் திருப்பிக் குடுக்கறதுக்கு ஒரு ஏற்பாடும் பண்ணல. நடுவுல அவளுக்குக் கொஞ்சம் புத்தி வரட்டும்னு மோட்டார் போடறத மட்டும் கொறச்சேன். வயசாச்சு, மறந்து போயிருதுன்னு சொன்னேன். அந்தச் சகாயராஜு தம்பி கீழ வந்து, அம்மா தண்ணிய நிறுத்தறது தப்பும்மா, சட்டப்படி அது கூடாதுன்னு ரொம்பப் பணிவாச் சொன்னாரு. நிறுத்தல தம்பி, மறந்துட்டேன்னு நானும் பணிவாத்தான் சொன்னேன். அடுத்த நாள்ல இருந்து அவரே வெடியால எந்திரிச்சதும் வந்து மோட்டார் போட்டுட்டுப் போவாரு. எங்க தொட்டிக்கும் சேத்து ரொப்பிட்டுப் போவாரு.

ஆடி பொறந்துச்சு. நான் பாட்டுக்கு அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊத்தப் போயிட்டு வர்றேன், படில அட்டைப்பெட்டி அடுக்கியிருக்குது. என்ன கண்ணு இதுன்னேன். வெள்ளிக்கெழமை லாரி வருதும்மாங்கறா.  ஆடில எப்பிடிப் போவீங்கன்னு கேட்டேன். ஒரு மாதிரி முழிச்சுட்டு, நாங்க ஆடியெல்லாம் பாக்குறதில்லையேம்மாங்கறா.

எங்கூட்டுக்காரரு உள்ள இருந்துட்டு ஒரே சிரிப்பு. மூணு கிறிஸ்மஸுக்கு நம்ம மாடில ஸ்டார் தொங்குச்சு, மூணு தடவை கேக் வாங்கித் தின்னே, அவங்க வேதக்காரங்க, அவங்களுக்கு ஏது ஆடின்னு கேக்கறாரு. அவரு சொல்றது சரிதானுங்க. ஆனா ஸ்டாரப் பாத்தா ஸ்டாருன்னுதான் தோணும், அதுல ஆடி இல்லைன்னா எழுதியிருக்குது? வீடு கேட்டு வந்த அன்னைக்கே, அம்மா எங்களுக்கு ஆடி கெடையாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அதுக்குத் தக்கன கணக்குப் போட்டிருப்பேன். இந்த மாதிரி முக்கியமான விசயத்தையெல்லாம் மறைச்சுப்போடறாங்க பாருங்க.

வெள்ளிக்கெழமை மட்டும் வேண்டாம் கண்ணு, வீட்டு லட்சுமி கூடவே போயிரும்னு கேட்டுக்கிட்டேன். உடனே ஃபோனப் போட்டு லாரிய சனிக்கெழமைக்கு மாத்துனா. அவளுக்கு அதுல நம்பிக்கை இல்ல, எனக்காக மாத்துனா. அவ்வளவு மரியாதை தெரிஞ்ச புள்ளைங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, பொய் சொல்லல.

ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா? அட்வான்ஸத் திருப்பித் தரோணும்னா வீட்ட முதல்ல பாக்கோணும். என்னால படியேற முடியாது, நம்ம வீதிச் சங்கத் தலைவர் பழனிவேலண்ணன அனுப்பிப் பாக்கச் சொன்னேன். அவரு பாத்துட்டு வந்து வரிசையாச் சொன்னாரு. ஹால் செவுத்துல வெடிப்பு, கை கழுவற தொட்டில வெடிப்பு, ஜன்னல் மூடல, மேல காரை பேந்து கம்பி தெரியுது. இதுக்கெல்லாம் கழிக்கோணும், வெள்ளையடிக்கறதுக்கும் கழிக்கோணும்னு நான் சொன்னேன். எல்லா ஊட்லயும் அதுதானுங்களே வழக்கம்.

அன்னைக்குப் பொழுதோட எங்கூட்டு முன்பக்கம் ஆசாரத்துல பாய் விரிச்சு எல்லாரும் உக்காந்தோம். ஜெசிந்தா சத்தமே போடல. "நாங்க உடைச்சிருந்தா நீங்க தாராளமாக் கழிச்சுக்கோங்கம்மா. நாங்க வரும்போதே இப்படி இருந்ததுக்கு எப்படிம்மா நாங்க கொடுக்க முடியும்?"னா. வரும்போது வீடு கண்ணாடி மாதிரி இருந்துச்சுன்னு நான் சொன்னேன். அந்தத் தம்பி ஃபோன எடுத்தாரு.

இங்கதான் கண்ணு நான் ஏமாந்தது. அவங்க குடி வந்த அன்னைக்கு, சாமான் எறக்கறதுக்கு முன்னாடியே, அந்தத் தம்பி ஒவ்வொரு செவுரா ஃபோட்டோ எடுத்துட்டு இருந்தாரு. ஊர்ல இருக்கற சொந்தபந்தம் ஒறம்பரைக்கு நம்ம வீட்டக் காட்டறதுக்கு எடுக்கறாருன்னு நெனச்சேன். எனக்கு எத்தன பெருமையா இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. இருங்க தம்பின்னு சொல்லிட்டுக் கீழ போய், பட்டுச்சேலை கட்டி, பூ வெச்சுட்டு வந்தேன். அன்னைக்கு முழங்கால் நல்லா இருந்துச்சு. அவரு எங்க ஃபோனத் தூக்குனாரோ அங்கெல்லாம் நானும் போய் நின்னேன். அம்மா கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெடிப்பு மறைக்குதுன்னாரு. கூச்சப்படறாரு பாவம்னு நெனச்சு, நான் கைய அந்த வெடிப்பு மேலயே வெச்சுட்டுச் சிரிச்சேன்.

பழனிவேலண்ணன் ஒவ்வொரு படமாத் தள்ளித் தள்ளிப் பாக்கறாரு. மொகத்தத் துண்டால மூடிக்கறாரு. தோளு மட்டும் குலுங்குது. கடைசில, "ஏனுங்கக்கா, எல்லா வெடிப்புக்குப் பக்கத்துலயும் நீங்கதான் பூ வெச்சுட்டு நிக்கறீங்க. இதுல நான் யாரக் கேக்கறது?"ன்னாரு.

எங்கூட்டுக்காரரு ஃபோன வாங்கிப் பாத்துட்டு, படம் நல்லா வந்திருக்குது, ஒண்ணு ஃப்ரேம் போட்டு மாட்டலாங்கறாரு. அந்த மனுசனோட எப்பிடிக் குடுத்தனம் பண்றதுன்னு எனக்குத்தான் தெரியும்.

அப்புறமென்ன, பழனிவேலண்ணன் சொல்லிட்டாரு. ஆள் இருந்தா செவுத்துல அழுக்கு ஆகத்தான் செய்யும், அதுக்கெல்லாம் கழிக்க முடியாது, முழுசாக் குடுத்துருங்கன்னு. போட்டிருந்த ஏலச்சீட்டத் தள்ளி எடுத்துக் குடுத்தோம். புது ஆளு வந்தாத்தான் தருவேன்னு சொல்லிப் பாத்தேன், அதுவும் சட்டத்துல இல்லைன்னுட்டாங்க. அவங்க சட்டத்துல என்னதான் இருக்குதுன்னு எனக்குப் புரியவே இல்ல. போற அன்னைக்கு ஜெசிந்தா வீட்டக் கழுவித் தொடச்சு, சாவிய என்ற கையில குடுத்துட்டு, கட்டிப் புடிச்சுட்டு அழுதா. நானும் அழுதேன். அட்வான்ஸ் முழுசா வாங்கிட்டாளேன்னு ஒரு பக்கம், போறாளேன்னு ஒரு பக்கம். எதுக்கு எத்தன அழுதேன்னு எனக்கே தெரியாது.

இது வரைக்கும்கூட நான் மனசுல வெச்சுக்கல. இதுக்கு அப்புறம் நடந்ததுதான் என்னால பொறுக்க முடியல. அவங்க இருந்த மூணு வருசமும் எங்கூட்ல ஒரு சொட்டுத் தண்ணி விழுந்ததில்ல. எத்தன மழை பேஞ்சாலும் கீழ காஞ்சு கெடக்கும். அவங்க போயி ஆவணில ஒரு மழை வந்துச்சு பாருங்க, எங்கூட்டுக்காரரு கட்டிலுக்கு நேரா மேல இருந்து சொட்டுச் சொட்டுன்னு விழுகுது. மனுசன் நனைஞ்ச போர்வையோட எந்திருச்சு உக்காந்திருக்கறாரு. கட்டில நகத்துனா அங்கயும் விழுகுது. போறப்ப ஏதோ ஒண்ண ஒடச்சுப்போட்டுத்தான் போயிருக்கறாங்க. இல்லைன்னா அவங்க இருந்தப்ப ஒழுகாத வீடு, அவங்க போனதும் எப்பிடி ஒழுகும்? நீங்களே சொல்லுங்க.

ஜெசிந்தாவுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுப்போட்டேன்.  மாடில பாத்திரம் வெச்சுப் பாருங்கம்மா, நெறைய நெறைய எடுத்து ஊத்தணும்னு சொல்றா. நான் என்ன கேக்கறேன், அவ என்ன சொல்றா? பேச்ச மாத்தறாளுங்க. நல்லாப் பழகுன புள்ள இப்பிடிப் பண்ணிட்டாளேன்னு அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு எறங்கல. இந்த ஐப்பசி மழையும் புடிச்சுட்டா அந்த மனுசன எங்க கொண்டு போய்ப் படுக்க வெப்பேன்? மேல ஒரு குடும்பம் இருந்தாத்தான் வீடு வீடா இருக்கும் கண்ணு. ஆளில்லாத வீட்லதான் இந்த மாதிரியெல்லாம் நடக்குது.

இடி இடிக்குதா? வரட்டும் வரட்டும், நல்லதுக்குத்தான். வீடு பாக்க வர்றப்ப மழை வந்தா ராசி. நீங்களும் நேர்லயே பாத்துக்கலாம். பலமான கட்டடமுங்க, எங்க மாமனாரு காலத்துது.

அடேயப்பா, என்ன வெசையா வருது. ஜன்னல்ல இருந்து தள்ளி நில்லுங்க கண்ணு. அங்கயும் விழுகுதா? இப்பிடி வாங்க. ஐயோ, இங்க என்ற தலைலயே விழுகுதே. செத்த இருங்க, முந்தானையப் போட்டுக்கறேன். அந்த மூலைக்குப் போங்க. அங்கயுமா? ரூமுக்குள்ள போகலாம்னா அங்க சத்தம் அதுக்கு மேல கேக்குது. இதென்ன கண்ணு, மழை வெளிய பேயுதா, உள்ள பேயுதா?

தரையப் பாருங்க. வட்டம் வட்டமாக் கறை. அண்டா வெச்ச வட்டம், குண்டா வெச்ச வட்டம், அந்தா வாளி வெச்ச வட்டம். ஒவ்வொரு சொட்டும் சரியா அந்த வட்டத்துக்குள்ள போய் விழுகுது பாருங்க. ரூமுக்குள்ளயும் வட்டம்தான். படுக்கறதுக்கு எடமே இல்லாமப் பாத்திரமா வெச்சிருந்திருக்கறாங்க. அவ ரொப்பி ரொப்பி எடுத்து ஊத்தியிருக்கறா. மூணு வருசம். நாங்க கீழ காஞ்ச கட்டில்ல படுத்துத் தூங்கியிருக்கறோம்.

செத்த இருங்க கண்ணு, எனக்கு மூச்சு வாங்குது. இல்ல, உக்கார வேண்டாம், தரையெல்லாம் தண்ணி.

இந்தா, எங்கூட்டுக்காரரு கீழ இருந்து கத்தறாரு. சொட்ட ஆரம்பிச்சுருச்சாம். ஏனுங்க, போர்வைய எடுத்துட்டு நடைல வந்து உக்காருங்க, நான் மேலதான் இருக்கறேன், கட்டில நீங்க இழுக்காதீங்க, இடுப்புப் புடிச்சுக்கும்.

சொல்லுங்க பாக்கலாம். இத்தன ஒழுகுதுன்னு அந்தப் புள்ள எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் பாத்துட்டுச் சும்மா இருந்திருப்பேனுங்களா? தாலிக்கொடிய வெச்சாவது தட்டோடு பதிச்சிருப்பேன். என்ற மகளாட்டமிருந்தா. இந்தத் தண்ணிக்குள்ள படுத்து எந்திருச்சுட்டு, ஞாயித்துக்கெழமையானா எங்களுக்கு மீன் கொழம்பு கொண்டாந்திருக்கறா. மனசு உட்டுச் சொல்லாமயே போயிட்டாளே. அதுதான் கண்ணு எனக்குத் தாங்கல.

நீங்க அப்பிடி இருக்கக் கூடாது. இந்த வீட்டுக்கு வந்தீங்கன்னா, எந்தக் கொறையா இருந்தாலும் எங்கிட்ட வாயத் தொறந்து சொல்லிப்போடோணும். நான் கேக்காதவ இல்ல.

என்னங்க? என்ன சொன்னீங்க? மழைச் சத்தத்துல ஒண்ணும் காதுல விழுகல கண்ணு.